தலைமை இயக்குநரின் வருகை: பணியாளர் பிரதிநிதிகள் எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது?

கேள்வி: கடலோரக் களப்பணியாளர், நாகர்கோவில்

அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டில் தலைமையகம் கொண்ட ஒரு பன்னாட்டுத் தொண்டு நிறுவனத்தின் நாகர்கோவில் கள அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரையுள்ள மீனவக் கிராமங்களில் பேரிடர் முன்னெச்சரிக்கையும் பெண்களுக்கான வாழ்வாதாரத் திட்டங்களும் எங்கள் பணி. எல்லா நாட்டு அலுவலகங்களிலும் பணியாளர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தலைமையகம் அண்மையில் சுற்றறிக்கை அனுப்பியது. இங்கே நடந்த இரகசிய வாக்கெடுப்பில் என்னையும் கணக்குப் பிரிவிலுள்ள ஒரு தம்பியையும் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த மாதம் தலைமை இயக்குநர் நேரில் வருகிறார். நிகழ்ச்சி நிரலில் எங்கள் இருவருக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

எங்களிடம் மூன்று குறைகள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, களப்பணியாளர் எல்லோருக்கும் ஓராண்டு ஒப்பந்தம்தான்; புதுப்பித்தல் கடிதம் மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில்தான் கைக்கு வரும், அதுவரை வேலை உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, இரவுப் பயணம். பகலில் கடலுக்கும் மீன் சந்தைக்கும் போய்விடும் மக்களைச் சந்திக்க வேண்டுமானால், மாலைச் செபம் முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் கூட்டம் கூட்ட முடியும். அலுவலக வாகனமோ மாலை ஆறு மணி வரைதான். அதற்குமேல் வேண்டுமென்றால் டெல்லியிலுள்ள நாட்டு அலுவலகத்திலிருந்து முன் அனுமதி வாங்க வேண்டும், அது நேரத்துக்கு வந்ததில்லை. தூத்தூர், இரயுமன்துறைப் பக்கம் போகும் பெண்கள் இருசக்கர வாகனத்தில் தனியாகவே திரும்புகிறார்கள். பயணப்படிப் படிவத்தில் ‘திரும்பிய நேரம்’ என்றொரு கட்டம் உண்டு. அதில் உண்மையை எழுதினால் விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும் என்பதால் எல்லோரும் ‘ஆறு மணி’ என்றே எழுதிவிடுகிறார்கள். அதே நாளின் கிராமக் குழுப் பதிவேட்டில் கூட்டம் முடிந்தது எட்டரை மணி என்று குழுத் தலைவி கையொப்பமிட்டிருப்பார்.

மூன்றாவது, இடைநிலை அதிகாரி ஒருவர் களப்பணியாளர்களை எல்லோர் முன்னாலும் இழிவாகப் பேசுகிறார். பாதிக்கப்பட்டவர்கள் என்னிடம் அழுதிருக்கிறார்கள். ஆனால் பெயரைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

மூன்றையும் அந்த முக்கால் மணி நேரத்திலேயே பேசிவிடலாமா? முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டுமா? உள்ளூர் அலுவலகத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா? பத்திரிகைக்குச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். இதில் அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்றவர், தக்கலை

தங்கைக்கு வணக்கம். ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியாளர் சங்கப் பொறுப்பிலும் சில காலம் இருந்தேன். உங்கள் நிறுவனம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று என்பதால் அங்குள்ள விதிகள் உங்களுக்குப் பொருந்தா. ஆனாலும் அங்கே பிரதிநிதிகள் பழகிய முறையில் உங்களுக்குப் பயன்படுவது நிறைய உண்டு.

ஐ.நா.வில் பணியாளர் பிரதிநிதிகளோடு பேசுவது தலைவரின் தாராள மனத்தைப் பொறுத்த காரியம் அன்று. பணியாளர் நலன், பணிநிலைமை, மனிதவளக் கொள்கை ஆகியவை பற்றிய சிக்கல்களைக் கண்டறிவதிலும் தீர்ப்பதிலும் பணியாளர்கள் உண்மையாகப் பங்கேற்கும்படி பொதுச்செயலாளர் அவர்களோடு இடைவிடாத தொடர்பு வைத்திருக்க வேண்டும் என்று பணியாளர் ஒழுங்குமுறை 8.1 சொல்கிறது, அதற்கென இரு தரப்பும் உட்காரும் குழுக்களை அமைக்க 8.2 வழிசெய்கிறது. எனவே உங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன சுற்றறிக்கையை முதலில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள். ‘பணியாளர் கருத்தை அறிவோம்’ என்று இருக்கிறதா, ‘கலந்தாலோசித்த பின்னரே முடிவெடுப்போம்’ என்று இருக்கிறதா? பின்னது இருந்தால் நீங்கள் விருந்தினராக அல்ல, உரிமையோடு உட்காருகிறீர்கள். முன்னது மட்டும் இருந்தால், கலந்தாலோசனையை விதியாக்க வேண்டும் என்பதே உங்கள் முதல் கோரிக்கையாகட்டும்.

அடுத்து, ஒவ்வொரு குறைக்கும் ‘இந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு?’ என்று எழுதிப் பாருங்கள். ஜெனீவாவில் பணிபுரிந்த ஐ.நா. ஊழியர்களின் ஊதியத்தைக் குறைக்கப் பன்னாட்டுக் குடிமைப் பணி ஆணையம் 2017இல் முடிவெடுத்தது. மறு ஆண்டு அங்கே வேலைநிறுத்தம்கூட நடந்தது. வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்ட முறையே தவறு என்று பணியாளர் தரப்பு பக்கம்பக்கமாக வாதிட்டது. ஆனால் 2019 ஜூலையில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம் தன் வரம்புக்குட்பட்ட அமைப்புகளில் அந்தக் குறைப்பை நீக்கியதற்கு முதன்மைக் காரணம் வேறு: அந்த ஆணையத்தின் அப்போதைய சட்டப்படி அதற்குப் பரிந்துரைக்கும் அதிகாரமே உண்டு, தானாக முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை என்பது. உங்கள் விஷயத்தில் ஆறு மணி வாகன விதியைப் போட்டது டெல்லியா, தலைமையகமா, அல்லது உள்ளூரில் யாரோ வாய்மொழியாகச் சொல்லி நிலைத்துவிட்ட வழக்கமா? உள்ளூர் வழக்கமாக இருந்தால் தலைமை இயக்குநரின் நேரத்தை அதற்குச் செலவிட வேண்டியதில்லை; அவர் வருவதற்கு முன்பே அது தீர்ந்துவிடும்.

மூன்றாவது குறையை அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். ஒரு தனிமனிதர் மீதான புகார், பெயர் சொல்லாமல் பேசினால் புறங்கூறலாகிவிடும். பெயர் சொல்லிப் பேசினால், அவர் இல்லாத இடத்தில் அவரைக் குற்றம் சாட்டியதாகிவிடும். அதற்குத் தனி வழி உண்டு. ‘புகார் கொடுப்பவரைப் பழிவாங்கினால் என்ன நடவடிக்கை எடுப்பீர்கள், அது எழுத்தில் எங்கே இருக்கிறது?’ என்பதுதான் தலைமையிடம் கேட்க வேண்டிய பொதுக் கேள்வி.

சட்டப்படி பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் கதையைச் சொல்லுங்கள். வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தி 2013இல் அங்கே கொண்டுவந்த விதிகள் சட்டவிரோதமானவை என்ற தீர்ப்பு 2021 ஜூலையில்தான் வந்தது. எட்டு ஆண்டுகள்! அதற்குள் ஓய்வுபெற்று ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். இதனால்தான் பேச்சுவார்த்தை அறையை நான் நீதிமன்றத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

மறுமொழி 2: வழக்கறிஞர், குழித்துறை

ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது இந்தச் சகோதரியின் நிலைக்கு மிக முக்கியமானது. ஐ.நா. ஊழியர்களுக்குத் தனித் தீர்ப்பாயங்கள் இருப்பதற்குக் காரணமே அவர்கள் நம் நீதிமன்றங்களுக்குப் போக முடியாது என்பதுதான். ஐ.நா.வின் சிறப்புரிமைகள், விலக்குரிமைகள் பற்றிய 1946ஆம் ஆண்டு உடன்படிக்கையை நம் நாடு 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் நடைமுறைப்படுத்தியது. அந்த விலக்குரிமைக்கு ஈடாகத்தான் உள்ளேயே நீதி கிடைக்க வழி செய்ய வேண்டியிருந்தது. தொண்டு நிறுவனத்துக்கு அந்த விலக்குரிமை கிடையாது. பெயரில் ‘பன்னாட்டு’ என்று இருப்பதால் மட்டும் எந்த நிறுவனமும் நம் சட்டத்துக்கு மேலே போய்விடாது. உங்கள் நியமனக் கடிதத்தின் தலைப்பில் எந்தப் பெயர், எந்தப் பதிவு எண் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இங்கே பதிவுசெய்த சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இலாப நோக்கற்ற நிறுமமாகவோ இருக்கும். சட்டத்தின் கண்ணில் உங்கள் முதலாளி அதுதான்; வெளிநாட்டிலிருந்து வருபவர் உங்கள் முதலாளிக்குப் பணம் தருபவராக மட்டும் இருக்கவும் கூடும்.

ஆனால் தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறதே என்ற தைரியத்தில் பேசவும் வேண்டாம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்பதற்கு மிக விரிந்த பொருள் கொடுத்தது. தொண்டு நிறுவனங்கள் பலவும் அதற்குள் வந்தன; அதற்குள் வந்தால்தான் அந்த நீதிமன்றத்துக்குப் போக முடியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத்தொகுப்போ, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. நிர்வாகத் தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

இழிபேச்சு பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பேச்சில் பாலியல் தன்மை சிறிதளவு இருந்தாலும், 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அரசுசாரா நிறுவனங்களுக்கும் வெளிப்படையாகவே பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தலைமை இயக்குநர் வரட்டும் என்று காத்திருக்கும்போது இந்தக் கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. பாதிக்கப்பட்டவர்களிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள், முடிவு அவர்களுடையது.

கடைசியாக அந்தப் பயணப்படிப் படிவம். அதை உங்கள் பலமான சான்று என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். நான் நிர்வாகத் தரப்பில் இருந்தால் அதைத்தான் முதலில் கையில் எடுப்பேன்: ‘பணியாளர்கள் பொய்யான நேரத்தை எழுதியிருக்கிறார்கள், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.’ ஆகவே பழைய படிவங்களை மேசையில் பரப்ப வேண்டாம். கிராமக் குழுப் பதிவேடு போதும். அதில் நேரமும் இருக்கிறது, வெளியாள் கையொப்பமும் இருக்கிறது. இன்று முதல் எல்லோரும் சரியான நேரத்தையே எழுதட்டும். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அதற்கு ஒரே வரியில் பதில் எழுதட்டும்: கூட்டம் எட்டரைக்கு முடிந்தது, பதிவேட்டின் நகல் இணைப்பில். அந்த மின்னஞ்சல்கள் சேரும்போது, வாகன விதியால் என்ன நடக்கிறது என்பதை நிர்வாகமே தன் கையால் ஆவணப்படுத்தியதாகிவிடும்.

மறுமொழி 3: மனிதவளத் துறையில் இருந்தவர், குளச்சல்

நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவள்; வேறொரு பன்னாட்டு அமைப்பின் சென்னை அலுவலகத்தில் மனிதவளப் பொறுப்பில் இருந்தேன். அதனால் தக்கலை ஐயாவுடன் பெரும்பாலும் உடன்பட்டாலும், முன்கூட்டி எழுத்தில் கொடுப்பதா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்: கட்டாயம் கொடுங்கள், ஒரு வாரத்துக்கு முன்பே கொடுங்கள், உள்ளூர்த் தலைவருக்கும் ஒரு படி போகட்டும். தலைமைப் பொறுப்பில் இருப்பவரைத் திடீரென்று ஒரு கேள்வியால் மடக்கினால் அவர் வாயிலிருந்து ‘பரிசீலிக்கிறோம்’ என்பதற்கு மேல் எதுவும் வராது. வரவும் கூடாது, ஏனென்றால் கணக்குப் பார்க்காமல் வாக்குக் கொடுப்பவர் நல்ல நிர்வாகி அல்லர். அவருக்கு முன்னதாகவே தாள் கிடைத்தால், தன் நிதிப் பிரிவிடம் கேட்டுவிட்டு வருவார்.

வாகனம் என்றதும் வெளிநாட்டு நிதிப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை உங்கள் முன் வைப்பார்கள். 2020ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை ஐம்பது விழுக்காட்டிலிருந்து இருபதாகக் குறைத்துவிட்டது. ‘எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது’ என்பார்கள். அது பொய்யன்று. நாடு முழுவதும் அலுவலகங்கள் ஆட்களைக் குறைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் நிறுவனத்தின் நலப்பணி நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவுகளை, எடுத்துக்காட்டாக மருத்துவமனை நடத்தும் அமைப்பு மருத்துவருக்குக் கொடுக்கும் ஊதியத்தை, நிர்வாகச் செலவில் சேர்க்க வேண்டியதில்லை என்று விதிகளே சொல்கின்றன. இரவில் தூத்தூருக்குக் கூட்டம் நடத்தப் போகும் வாகனம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது? உங்களோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர் கணக்குப் பிரிவுத் தம்பி என்றீர்களே, அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும். நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் இருந்தால், திட்டச் செலவாக மாற்ற முடியுமா என்று தணிக்கையாளரின் கருத்தைக் கேட்கும்படி ஒரு கோரிக்கை வையுங்கள். பணம் கேட்கும் கோரிக்கையைவிட, தலைப்பு மாற்றக் கேட்கும் கோரிக்கைக்கு ‘ஆம்’ சொல்வது நிர்வாகத்துக்கு எளிது.

ஒப்பந்த விஷயத்திலும் ‘நிரந்தரம் ஆக்குங்கள்’ என்று கேட்டால் ‘நிதி இல்லை’ என்ற கதவு உடனே மூடிக்கொள்ளும். நன்கொடையாளரின் ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு இருக்கும்போது பணியாளரின் ஒப்பந்தம் ஏன் ஓராண்டு என்று கேளுங்கள். திட்டத்தின் காலமும் ஒப்பந்தத்தின் காலமும் ஒன்றாக இருக்கட்டும், புதுப்பிக்கிறோமா இல்லையா என்பதை முடிவதற்கு அறுபது நாள் முன்பே எழுத்தில் சொல்லட்டும். இரண்டுக்கும் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பத்திரிகைக்குப் போவது பற்றி நான் சொன்னால் நிர்வாகத்தின் குரலாகத் தோன்றலாம். இருந்தாலும் சொல்கிறேன்: உள்ளே இருக்கும் வழி எதையும் முயலாமல் வெளியே போனால், அடுத்த நாள் விவாதம் இரவுப் பயணத்தைப் பற்றி இருக்காது, செய்தியைக் கசியவிட்டது யார் என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

மறுமொழி 4: தோட்டத் தொழிலாளர் சங்கத்தவர், குலசேகரம்

எல்லோரும் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். ரப்பர் தோட்டத்துக்காரன் நான் சுருக்கமாகச் சொல்கிறேன். தாளின் அடியில் உங்கள் இருவர் பெயர் மட்டும் இருக்கக் கூடாது. களப்பணியாளர் அத்தனை பேரையும் கூட்டி, வரைவை வாசித்துக் காட்டி, ஒத்துக்கொண்டதைத் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் சொல்ல அஞ்சுகிறவர்களும் பத்தோடு பதினொன்றாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

குளச்சல் சகோதரி உள்ளூர்த் தலைவருக்கும் படி கொடுக்கச் சொல்கிறார். கொடுங்கள், ஆனால் எல்லோரும் கையெழுத்திட்ட பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துப் பேசுவார்கள், கையெழுத்துப் பாதியாகிவிடும். போனஸ் பேச்சுக் காலத்தில் நாங்கள் பார்க்காததா? இன்னொன்று, அந்த அறையிலேயே எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். ‘எங்கள் ஆட்களிடம் கேட்டுச் சொல்கிறோம்’ என்று சொல்லும் பிரதிநிதியைத்தான் முதலாளி மதிப்பான்.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் மிக்க நன்றி. சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ‘கருத்தை அறிவோம்’ என்றுதான் இருக்கிறது. வாகன வாடகையை நிர்வாகச் செலவுத் தலைப்பில்தான் எழுதுகிறார்கள் என்று தம்பியும் உறுதிசெய்துவிட்டார். சனிக்கிழமை எல்லோரையும் கூட்டுகிறோம். குலசேகரம் அண்ணாச்சி சொன்ன வரிசையிலேயே கையொப்பம் வாங்கிய பின் தலைமை இயக்குநருக்கும் உள்ளூர்த் தலைவருக்கும் ஒரே நாளில் படி அனுப்புவோம். இழிபேச்சு விஷயத்தில் ஒருவர் உள்ளகக் குழுவுக்குப் போக முடிவெடுத்திருக்கிறார். அதைப் பற்றி இங்கே மேலும் எழுதவில்லை.

இன்னும் ஒரே ஓர் ஐயம். கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் எதையும் எழுத்தில் தராவிட்டால் என்ன செய்வது? அங்கே ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருக்கும். எனக்கு ஆங்கிலம் படிக்க வருமே தவிர, வேகமாகப் பேச வராது.

மறுமொழி 5: ஓய்வுபெற்றவர், தக்கலை

அவர்கள் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம், தங்கையே. குறிப்பை நீங்களே எழுதி அனுப்புங்கள். கூட்டம் முடிந்த அன்று மாலையே, இன்னது கேட்டோம், இன்னது சொன்னீர்கள், இன்னார் இந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். ‘திருத்தம் இருந்தால் ஐந்து வேலை நாள்களுக்குள் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் இதையே கூட்டக் குறிப்பாகப் பணியாளர்களுக்கு அனுப்புவோம்’ என்று முடித்துவிடுங்கள். ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லியிருந்தால் அதையும் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘எந்தத் தேதிக்குள்?’ என்ற கேள்வியைச் சேருங்கள். சுற்றறிக்கையில் கலந்தாலோசனை இல்லை என்பதால், ஆண்டுக்கு இரண்டு முறையாவது நாட்டு அலுவலகத்தோடு உங்களுக்குக் கூட்டம் வேண்டும் என்பதையும் கோரிக்கைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள்.

மொழிக்குக் கூச்சப்படாதீர்கள். நீங்கள் தமிழிலேயே பேசப் போவதாகவும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்றும் தாளை அனுப்பும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். முக்கால் மணி நேரத்தில் பாதி மொழிபெயர்ப்புக்கே போய்விடும் என்பதால் ஒன்றரை மணி நேரமும் கேளுங்கள். உங்கள் அலுவலகத் தலைவரே மொழிபெயர்த்துத் தருவதாக அன்போடு முன்வருவார். நன்றி சொல்லி மறுத்துவிட்டு, திட்டத்தோடு தொடர்பில்லாத வெளியாள் ஒருவரைக் கேளுங்கள்; அப்படி யாரும் கிடைக்காவிட்டால் தக்கலையிலிருந்து நானே வந்து உட்காருகிறேன்.